அளவுகோலுக்குள் ஒளிந்த சுங்கம்

ஒரு நாட்டில் செய்த கார் இன்னொரு நாட்டின் தெருவில் ஓட வேண்டுமானால் இரண்டு இடங்களில் வரி கட்டியாக வேண்டும். முதலாவது துறைமுகத்தில் கட்டுகிற சுங்கத் தீர்வை. வெளிநாட்டுச் சரக்கு என்ற ஒரே காரணத்துக்காகப் போடப்படுவது. இரண்டாவது, கார் உள்ளே வந்த பிறகு கட்டுவது. விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி, பதிவு வரி, வருடாந்திர சாலை வரி என்று நாட்டுக்கு நாடு இதன் பெயர் மாறும். உள்நாட்டுக் காருக்கும் இதே வரிதான், அதனால் இதில் பாரபட்சம் கிடையாது என்று வணிகவியல் பாடப்புத்தகம் சொல்லும்.

பாடப்புத்தகம் சொல்வது பாதி சரி. வரி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த வரியை எதை அளந்து போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காரின் விலையை அளந்தால் ஒரு விளைவு, என்ஜினை அளந்தால் வேறொரு விளைவு, அகலத்தை அளந்தால் இன்னொன்று. அளவுகோலைக் கொஞ்சம் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தால் சுங்கச்சாவடியே இல்லாமல் வெளிநாட்டுக் காரை வெளியே நிறுத்திவிடலாம். சில அரசாங்கங்கள் இதைத் தெரிந்தே செய்தன. சில அரசாங்கங்கள் தெரியாமல் செய்து, கடைசியில் தன் நாட்டுக் கார்களையே மாட்டிவிட்டன.

இரண்டாவது வகைக்குப் பிரிட்டனைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915 இல், பிரிட்டிஷ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னா சில ஆடம்பர இறக்குமதிகள் மீது 33⅓ சதவீதத் தீர்வை போட்டார். கார், கடிகாரம், இசைக்கருவி, சினிமா பிலிம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. போர்க்காலத்தில் கப்பலில் இடமும் அந்நியச் செலாவணியும் மிச்சமாக வேண்டும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். போர் 1918 இல் முடிந்தது, தீர்வை முடியவில்லை. 1924 இல் தொழிற்கட்சி அரசு எடுத்துப் பார்த்தது. அடுத்த வருடமே நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். தற்காலிக வரி என்று உலகத்தில் எதுவும் கிடையாது போலிருக்கிறது!

இது துறைமுகத்து வரி. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனிக்கு இது பெரிய தலைவலியாக இருந்திருக்கத் தேவையில்லை. ஏனென்றால் 1911 லிருந்தே மான்செஸ்டர் பக்கத்தில் டிராஃபோர்ட் பார்க்கில் மாடல் டி கார்களை அவர்கள் அங்கேயே பூட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஃபோர்டை உண்மையில் அடித்தது இரண்டாவது வரிதான்.

1921 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் ஒவ்வொரு காருக்கும் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு வீதம் ஆண்டு வரி வந்தது. குதிரைத்திறன் என்றதும் என்ஜினை ஓடவிட்டுச் சோதித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ராயல் ஆட்டோமொபைல் கிளப் வைத்திருந்த பழைய சூத்திரம் ஒன்று இருந்தது. சிலிண்டரின் உள்விட்டத்தை அங்குலத்தில் அளந்து, வர்க்கப்படுத்தி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வருகிறது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடல் டி யில் நான்கு சிலிண்டர்கள், உள்விட்டம் 3.75 அங்குலம். வர்க்கம் 14.06. நான்கால் பெருக்கி 2.5 ஆல் வகுத்தால் 22.5. ஆக வருடத்துக்கு 23 பவுண்டு வரி. 1922 இல் வந்த ஆஸ்டின் செவன் காருக்கும் நான்கு சிலிண்டர்தான், ஆனால் உள்விட்டம் 2.2 அங்குலம். இதே சூத்திரப்படி 7.7. வரி 8 பவுண்டு. மாடல் டி யின் நிஜமான சக்தியே சுமார் 20 குதிரைத்திறன்தான். வரிப் புத்தகத்தில் அதற்கு 23!

அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, தூரம் அதிகம், சாலை மோசம். அதனால் அங்கே அகலமான சிலிண்டர் வைத்து, அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும் என்ஜின் செய்தார்கள். அதே என்ஜின் பிரிட்டனில் வருடா வருடம் தண்டம் கட்டியது. மான்செஸ்டரில் செய்தாலும் கட்டத்தான் வேண்டும். கார் விலையில் மலிவாக இருந்த ஃபோர்டு, வரியில் வில்லியம் மோரிஸின் காரிடம் தோற்றது. அவருடைய மோரிஸ் கௌலி அந்த அளவுகோலில் 11.9 குதிரைத்திறன்தான். 1920களின் மத்தியில் பிரிட்டனின் முதலிடம் ஃபோர்டிடமிருந்து மோரிஸுக்குப் போனது. இதற்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மாடல் டி அப்போதே பழைய காராகிவிட்டது. ஆனால் வாங்குபவர் மனதில் 23 பவுண்டும் 12 பவுண்டும் உட்கார்ந்திருந்தன என்பதில் சந்தேகமில்லை.

ஃபோர்டு சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்த மாடல் ஏ காருக்குப் பிரிட்டனுக்கென்றே உள்விட்டம் குறைந்த என்ஜின் ஒன்றைச் செய்து, 24 குதிரைத்திறன் மதிப்பை 14.9 ஆகக் குறைத்தார்கள். அதுவும் போதாமல், 1932 இல் ஐரோப்பாவுக்கென்றே மாடல் ஒய் என்ற எட்டுக் குதிரைத்திறன் குட்டிக் காரை வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் அது விற்கப்படவே இல்லை. ஒரு வரிச் சூத்திரம் ஒரு காரையே பிறக்க வைத்தது என்றால் மிகையில்லை.

சரி, பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு லாபம்தானே என்று கேட்கலாம். உள்ளூரில் லாபம்தான். ஆனால் வரியைக் குறைக்க அவர்கள் எல்லோரும் ஒரே தந்திரத்தைச் செய்தார்கள். உள்விட்டத்தைச் சுருக்கி, வரிக் கணக்கில் வராத பிஸ்டன் தூரத்தை நீட்டினார்கள். ஒல்லியான, உயரமான சிலிண்டர்கள். இங்கிலாந்தின் குறுகிய, நல்ல சாலைகளுக்கு அது போதும். ஆஸ்திரேலியாவின் புழுதிச் சாலையிலும் ஆப்பிரிக்காவின் மேட்டிலும் நாள் முழுக்க வேகமாக ஓட்டினால் அந்த என்ஜின்கள் திணறின. அங்கெல்லாம் வாங்குபவர்கள் அமெரிக்கக் கார்களையே விரும்பினார்கள். வீட்டு வாசலில் வெளிநாட்டானை நிறுத்திய அதே அளவுகோல், சொந்தக் காரை வெளியூர் போகவிடாமல் காலைக் கட்டியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து டாலருக்காகத் தவித்தபோதுதான் லண்டனுக்கு இது உறைத்தது. ஏற்றுமதி செய்தே தீர வேண்டிய நிலை. 1947 இல் புதுக் கார்களுக்குக் குதிரைத்திறன் சூத்திரத்தைக் கைவிட்டார்கள். 1948 ஜனவரியிலிருந்து எந்தப் புதுக் காராக இருந்தாலும் வருடத்துக்கு 10 பவுண்டு என்று ஒரே வரியாக்கினார்கள்.

பிரான்ஸ் கதை இதற்கு நேர்மாறு. அங்கே யாரும் தெரியாமல் செய்ததாகத் தோன்றவில்லை.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள் 1968 ஜூலையில் தங்களுக்குள் சுங்கத் தீர்வையை முழுவதும் ஒழித்துவிட்டன. ஜெர்மன் கார் பிரான்ஸுக்குள் நுழைய ஒரு காசு தீர்வை கிடையாது. ஆனால் பிரான்ஸில் கார்களுக்கு ஆண்டு வரி உண்டு, அது 'வரிக் குதிரைத்திறன்' என்ற கணக்கீட்டு அளவின்படி ஏறும். 16 வரை படிப்படியாக ஏறி அதிகபட்சம் 1,100 பிராங்க். 16 ஐத் தாண்டினால்? படிக்கட்டு அங்கே முடிந்துவிடும். நேரே 5,000 பிராங்க். பிரான்ஸில் 16 க்கு மேல் ஒரு காரும் செய்யப்படவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மேலே இருந்த அத்தனையும் வெளிநாட்டுக் கார்கள்.

36 குதிரைத்திறன் மதிப்புள்ள மெர்சிடிஸ் வாங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் 5,000 பிராங்கைக் கட்டிவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் 'வெளிநாடு' என்ற வார்த்தையே இல்லாவிட்டாலும், அந்தக் கோடு இறக்குமதிக் கார்களை மட்டுமே பிடிக்கிறது, அதனால் அது பாரபட்சம் என்றது நீதிமன்றம். பிரான்ஸ் அரசு சட்டத்தை மாற்றியது. ஒரே கோட்டை எடுத்துவிட்டுப் பல படிகள் வைத்தது, ஆனால் அந்தப் படிகளும் மேலே போனதும் செங்குத்தாகவே ஏறின. 1987 இல் அதையும் நீதிமன்றம் தள்ளியது.

இதைப் பார்த்துவிட்டு என்ஜின் அளவுக்கு வரி போடுவதே தவறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கிரீஸ் நாட்டில் 1,800 சிசிக்கு மேல் வரி கடுமையாக ஏறியது. அந்த அளவில் கிரீஸில் கார் செய்யவே இல்லை. இதுவும் பிரான்ஸ் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 1990 இல் அதே நீதிமன்றம் கிரீஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. காரணம்: 1,800 சிசிக்கு மேல் வாங்கப் பயந்தவர் கொஞ்சம் கீழே இறங்கினால் அங்கேயும் இறக்குமதிக் கார்கள்தான் இருந்தன. 1,600 க்கும் 1,800 க்கும் இடையில் எல்லாமே வெளிநாட்டுக் கார், 1,600 க்குக் கீழேயும் வெளிநாட்டுக் கார் ஏராளம். வரி ஆளை விரட்டியது உண்மை, ஆனால் உள்ளூர்க் கம்பெனியின் கடைக்குள் விரட்டவில்லை. கேள்வி கோடு எங்கே இருக்கிறது என்பதல்ல, கோட்டுக்கு இந்தப் பக்கம் லாபம் யாருக்கு என்பதுதான். இவ்வளவு தெளிவாக இதைப் பிரித்துக்காட்டும் வழக்கு வேறு இல்லை.

அமெரிக்காவும் இந்தப் பரீட்சையை எழுதியது. 1991 லிருந்து 30,000 டாலருக்கு மேற்பட்ட கார்களின் கூடுதல் விலைக்கு 10 சதவீத ஆடம்பர வரி போட்டார்கள். இது மெர்சிடிஸுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் விரித்த வலை என்று ஐரோப்பா காட் அமைப்பிடம் முறையிட்டது. 1994 இல் அறிக்கை கொடுத்த குழு ஆடம்பர வரியைத் தவறென்று சொல்லவில்லை. எரிபொருள் சிக்கன விதியில் உள்நாட்டுக் காரையும் இறக்குமதிக் காரையும் தனித்தனியாகக் கணக்கிட்ட முறையைத்தான் தவறென்றது. அந்த அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படாமலே போனது தனிக்கதை.

ஜப்பானுக்கு வருவோம். தீர்வையை மட்டும் பார்த்தால் கார் செய்யும் பெரிய நாடுகளில் மிகவும் திறந்த சந்தை ஜப்பானுடையதுதான். 1978 இல் கார் இறக்குமதித் தீர்வையைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் தீர்வை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியும் ஜப்பான் தெருக்களில் வெளிநாட்டுக் கார் அபூர்வம்.

ஜப்பானில் கார் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 2,000 சிசி என்ற வரம்புகளுக்குள் இருந்தால் 'சிறிய கார்'. நம்பர் பலகை 5 இல் தொடங்கும். இதில் எதையாவது ஒன்றைத் தாண்டினாலும் 3 இல் தொடங்கும். 5 இல் தொடங்கும் இரண்டு லிட்டர் காருக்கு ஆண்டு வரி 39,500 யென். 3 க்குள் விழுந்தால் 81,500 யென். வாங்கும்போதே கட்டவேண்டிய சரக்கு வரியும் சிறிய காருக்கு 18.5 சதவீதம், பெரியதற்கு 23. டெட்ராயிட்டில் செய்த எந்தக் கார் 1.7 மீட்டர் அகலத்துக்குள் அடங்கும்? ஜப்பானியக் கம்பெனிகளோ ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி கார்களை வரைந்தன.

இந்த வரம்பு வெளிநாட்டுக் காரைத் தடுக்க வரையப்பட்டதா என்றால், அப்படித் தெரியவில்லை. குறுகிய தெருக்களும் எண்ணெய் இல்லாத நாடும் சிறிய காரையே கேட்டிருக்கும். ஆனால் விளைவு விளைவுதான். அமெரிக்கா நீண்ட நாள் புகார் சொல்லிக்கொண்டிருந்தது. 1989 ஏப்ரலில் ஜப்பான் சரக்கு வரியை ஒழித்து 3 சதவீத நுகர்வு வரியைக் கொண்டுவந்தது (கார்களுக்குச் சில வருடங்கள் 6 சதவீதம்). ஆண்டு வரியிலும் அகலம் போய், சிசி மட்டும் கணக்கானது. 2,000 க்கும் 2,500 சிசிக்கும் இடைப்பட்ட காரின் வரி 81,500 லிருந்து 45,000 யென்னாக இறங்கியது.

கதவு திறந்ததும் முதலில் உள்ளே ஓடியவர்கள் யார்? ஜப்பானியர்களே! மிட்சுபிஷி 1990 இல் 1.7 மீட்டரைத் தாண்டிய டயமான்டே காரை இறக்கி, அந்த ஆண்டின் ஜப்பான் சிறந்த கார் விருதையும் வாங்கிக்கொண்டது. வெளிநாட்டவரில் அதிகம் பயன்பெற்றவர்கள் ஜெர்மானியர்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடதுகை ஸ்டீயரிங்கோடு கார் விற்கப் பார்த்த டெட்ராயிட்டுக்கு வரிச் சீர்திருத்தத்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

இந்த நோய் இந்தியாவுக்கும் உண்டு. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் என்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார் ப. சிதம்பரம். அதன் பிறகு வந்த என்ஜின்களைப் பாருங்கள்: 1,197, 1,199, 1,198. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்து இந்தியாவில் விற்ற ஹூண்டாய் ஐ10 காரின் பெரிய என்ஜினும் 1,197 சிசிதான். மாருதி டிசைர் 2012 இல் பின்பக்கம் வெட்டுப்பட்டு 3,995 மில்லிமீட்டர் ஆனது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்களை மாற்றியபோதும் சிறிய காருக்கு 18, மற்றவற்றுக்கு 40 என்று பிரித்தது இதே கோட்டில்தான்.

உள்நாட்டு வரி தீர்வை இல்லாமலே வியாபாரத்தைத் திருப்பிவிடும் என்பதற்கு டென்மார்க் இன்னொரு மாதிரி. அங்கே கார்த் தொழிற்சாலையே கிடையாது, காப்பாற்ற யாரும் இல்லை. இருந்தும் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி, அதற்கும் மேல் ஒரு வரம்பைத் தாண்டிய விலைக்கு 180 சதவீதப் பதிவு வரி என்று 2015 வரை வசூலித்தார்கள். அந்த வரம்புக்கு மேல் காரின் அடிப்படை விலை 100 குரோனர் ஏறினால் வாங்குபவருக்கு 350 குரோனர் ஏறும். இப்படி இருந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் கம்பெனிகள் வரிக்கு முந்தைய விலையை டென்மார்க்கில் மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கின. நெதர்லாந்திலும் இதே கதை. பக்கத்து நாட்டுக்காரர்கள் அங்கே போய் வரி இல்லாத விலைக்கு வாங்கி, தங்கள் ஊரின் குறைந்த வரியைக் கட்டிக்கொள்ளலாமே! கம்பெனிகளுக்கு அது பிடிக்கவில்லை. நெதர்லாந்து டீலர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்பதைத் தடுத்ததாக 2005 இல் பெஜோ கம்பெனிக்கு ஐரோப்பிய ஆணையம் 4.95 கோடி யூரோ அபராதம் போட்டது. ஒரு நாட்டின் வரி, இன்னொரு நாட்டு வாடிக்கையாளர், மூன்றாவதாக ஒரு கம்பெனியின் குற்றம்.

இனி பெரிய சண்டை. மதிப்புக் கூட்டு வரி ஒரு மறைமுகத் தீர்வையா?

1954 இல் பிரான்ஸில் பிறந்த இந்த வரி ஏற்றுமதியின்போது திருப்பித் தரப்படும், இறக்குமதியின்போது வசூலிக்கப்படும். காட் விதிகளில் இதற்கு அனுமதி உண்டு. வருமான வரி போன்ற நேர்முக வரியைத் திருப்பித் தர அனுமதி கிடையாது. மத்திய அரசுக்கு மதிப்புக் கூட்டு வரியே இல்லாத அமெரிக்காவின் ஆதங்கம் இதுதான். ஜெர்மன் கார் வரி இல்லாமல் எங்கள் ஊருக்கு வருகிறது, எங்கள் கார் அங்கே போனால் 19 சதவீதம் கட்டுகிறது, இது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. 1971 லிருந்து ஏற்றுமதியாளருக்கு வருமான வரிச் சலுகை கொடுக்க அமெரிக்கா மூன்று முறை வழி கண்டுபிடித்தது. மூன்றும் சர்வதேச விதிகளில் அடிபட்டன.

கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. எண்களை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி. கப்பல் செலவை விட்டுவிடுவோம். ஜெர்மன் கார் ஒன்று, அமெரிக்கக் கார் ஒன்று, இரண்டின் அடிப்படை விலையும் 20,000. 2025 க்கு முந்தைய விகிதங்களை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் உள்ளூர்க் கார் 19 சதவீத வரியோடு 23,800. அமெரிக்கக் கார் 10 சதவீதத் தீர்வை சேர்ந்து 22,000, அதன்மேல் 19 சதவீதம், ஆக 26,180. 6 சதவீத விற்பனை வரி உள்ள ஓர் அமெரிக்க மாநிலத்தில் உள்ளூர்க் கார் 21,200. ஜெர்மன் கார் 2.5 சதவீதத் தீர்வையோடு 21,730.

அமெரிக்க அரசியல்வாதிகள் 26,180 ஐயும் 21,730 ஐயும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஆனால் ஜெர்மனியில் கார் வாங்குபவர் ஒப்பிடுவது 26,180 ஐ 23,800 ஓடு. வித்தியாசம் சரியாக 10 சதவீதம், அதாவது தீர்வை மட்டும். அமெரிக்காவில் வித்தியாசம் சரியாக 2.5 சதவீதம், அங்கேயும் தீர்வை மட்டும். மதிப்புக் கூட்டு வரி 19 ஆக இருந்தாலும் 40 ஆக இருந்தாலும் இந்த விகிதம் அசையாது. எல்லாக் காரின் விலையையும் ஒரே விகிதத்தில் அளப்பதால்தான் இப்படி. அமெரிக்காவின் புகாரில் உண்மை இருந்த இடம் 10 க்கும் 2.5 க்கும் உள்ள இடைவெளி, வாட் அல்ல.

அந்த இடைவெளியைப் பேசும்போது அமெரிக்கா தன் டிரக் தீர்வையை மட்டும் வசதியாக மறந்துவிடும். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்குத் தீர்வை ஏற்றியதற்குப் பழிவாங்க 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அறிவித்த 25 சதவீதம் அது. குறி வைத்தது ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு. ஆனால் அது பல பத்தாண்டுகள் ஜப்பானியச் சிறு டிரக்குகளை அடித்தது. கடைசியில் ஃபோர்டே துருக்கியில் செய்த தன் வேன்களைப் பின் சீட்டோடு 'பயணிகள் வண்டி'யாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் சீட்டைப் பிடுங்கிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. அந்த வழக்கு 2024 இல் 36.5 கோடி டாலர் கட்டி முடிந்தது.

2025 பிப்ரவரியில் ஜனாதிபதி டிரம்ப் வெளியிட்ட குறிப்பாணை மதிப்புக் கூட்டு வரியையும் நியாயமற்ற தடைகளின் பட்டியலில் சேர்த்தது. ஏப்ரல் 3 முதல் இறக்குமதிக் கார்களுக்குக் கூடுதலாக 25 சதவீதம் வந்தது. பழைய 2.5 ஓடு சேர்த்து 27.5. பிறகு அந்த ஆண்டிலேயே பேரம் நடந்தது. பிரிட்டனுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் கார் வரை 10 சதவீதம், ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 15 சதவீதம். அமெரிக்கத் தொழில் பொருட்கள் மீதான தன் தீர்வையை நீக்க ஐரோப்பா ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் சான்று பெற்ற கார்களை மறுசோதனை இல்லாமல் ஏற்க ஜப்பான் ஒப்புக்கொண்டது. ஜெர்மனியின் 19 சதவீதமும் ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரியும் அந்தப் பேரங்களில் ஒரு புள்ளிகூட நகரவில்லை.